செங்கல் தரைக்குக் கீழே 35 பாட்டில்கள்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், பொட்டோமாக் ஆற்றங்கரை, மவுண்ட் வெர்னன் என்று ஒரு பண்ணை வீடு. ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடு, 1799 டிசம்பரில் அவர் கண்ணை மூடியதும் அங்கேதான். 2024-ல் அந்த வீட்டின் நிலவறையைத் தோண்டியதில் 35 கண்ணாடிப் பாட்டில்கள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. அதில் 29 உடையாமல் முழுசாக இருந்தன, உள்ளே செர்ரியும் வேறு சில சின்னப் பழங்களும். அப்போது இது உலகம் பூராவும் ஓடியது, எல்லோரும் பழத்தைப் பற்றியே பேசினார்கள். நான் மலேசியாவில், பினாங்கில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் கிடப்பவன், தரை பெயர்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் என் கண் அந்தப் பாட்டில்களுக்கு மேலே இருந்த தரையிலேயே நின்றுவிட்டது. அந்தத் தோண்டலை முதலிலிருந்து என் பாஷையில் எழுதிப் பார்க்கிறேன். நடுவில் நம்ம ஊர்க் கதையும் வரும், நான் செய்த தப்பும் வரும்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். சின்னப் பையன் ஜார்ஜ் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒத்துக்கொண்டான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அது அவர் செத்த பிறகு கட்டிவிட்ட கதை. இந்த செர்ரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீடு ஒரே மூச்சில் எழுந்ததல்ல. 1734 வாக்கில் வாஷிங்டனின் அப்பா கட்டியது ஒன்றரை மாடிதான். 1754-ல் ஜார்ஜ் அதைக் குத்தகைக்கு எடுத்தார், சில வருஷத்தில் மேலே ஒரு மாடி ஏற்றினார், 1774-லிருந்து இரண்டு பக்கமும் நீட்ட ஆரம்பித்தார். பழைய வீட்டு வேலை செய்தவர்களுக்கு இது பழகிய விஷயம், ஒவ்வொரு முறை வீடு வளரும்போதும் கீழே ஒரு தரை புதைந்து போகும். தாத்தா போட்ட தரைமேல் அப்பா ஒன்று போடுவார், அப்பா போட்டதன்மேல் மகன் டைல்ஸ் ஒட்டுவான். நிலவறையின் செங்கல் தரை அந்தக் கடைசி விரிவாக்கத்தை ஒட்டி, 1770-களில் போட்டது. இந்த ஒரு தகவலை நினைவில் வையுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது.

1858-ல் இந்த இடத்தைப் பெண்கள் சங்கம் ஒன்று வாங்கியது, இன்றுவரை அவர்கள் கையில்தான் இருக்கிறது. சுதந்திரம் அறிவித்து 250 வருஷம் நிறைகிற 2026-ஐக் குறிவைத்து 4 கோடி டாலர் செலவில் ஒரு பெரிய பழுதுபார்ப்பைத் தொடங்கினார்கள். மரச்சட்டங்களைச் சரிசெய்வது, நிலவறையில் தேங்குகிற தண்ணீர் வடிய வழி பண்ணுவது, ஏர்கோன் ஏற்பாட்டைப் புதுசாக்குவது என்று வேலை, அதாவது நாங்கள் தினம் செய்கிற அதே வேலைதான். ஒரே வித்தியாசம், நிலவறை மண்ணில் கொத்தனார் கை வைப்பதற்கு முன்னால் தொல்லியல்காரர்கள் இறங்கினார்கள், கொத்தனார் காத்திருந்தார். நம்ம ஊர் காண்ட்ரக்டரிடம் இதைச் சொன்னால் 'காத்திருந்த நாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது' என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

எப்படித் தோண்டுவார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். கொத்துக்கரண்டியின் தம்பி மாதிரி ஒரு சின்னக் கரண்டி, அதை வைத்து விரல் கனத்துக்கு மண்ணைச் சுரண்டிக்கொண்டே போவார்கள். மண்ணின் நிறம் மாறினால் கை நின்றுவிடும், அளவெடுத்து, வரைந்து, படமெடுத்த பிறகுதான் அடுத்த சுரண்டல். ஒருமுறை தோண்டி மூடிய குழி சுற்றியுள்ள மண்ணோடு எத்தனை வருஷமானாலும் ஒட்டாது. ரோட்டில் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டி மூடிய இடம், மேலே தார் ஊற்றிய பிறகும் தனிப் பட்டையாகத் தெரிகிறதல்லவா, அந்த மாதிரி. செங்கல்லை எடுத்துவிட்டு மண்ணைச் சுத்தமாகச் சுரண்டினால் பழைய குழியின் விளிம்பு கறுப்பாகவோ மஞ்சளாகவோ வட்டம் கட்டி நிற்கும். அங்கே கிடைத்தவை அப்படி ஐந்து குழிகள்.

முதலில் 2024 ஏப்ரலில் இரண்டு பாட்டில்கள் என்றுதான் அறிவித்தார்கள். இரண்டும் நின்ற நிலையில், மூடியபடி, உள்ளே திரவமும் செர்ரியும், காம்பும் கொட்டையும் கூட. அந்தத் திரவத்தில் செர்ரிப் பூவின் வாசனை இன்னும் இருந்ததாம். ஜூனில் கணக்கு 35 ஆகிவிட்டது.

சரி, இவை எப்போது புதைத்தவை? பாட்டிலில் தேதி எழுதியிருக்காது. இங்கேதான் தரை வேலை செய்கிறது. நாம் வீடு கட்டும்போது நிலை வைக்கிற நாளில் அடியில் காசு போடுகிறோம். பின்னால் யாராவது அந்த நிலையைப் பெயர்த்து, காசில் 1967 என்று பார்த்தால், அந்த நிலை 1967-க்கு முன்னால் வைத்ததாக இருக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பாட்டிலின் வடிவம் அந்தக் காசு மாதிரி. 18-ஆம் நூற்றாண்டில் கண்ணாடிப் பாட்டில்களின் உருவம் மாறிக்கொண்டே வந்தது, வெங்காயம் மாதிரி வயிறு தள்ளியிருந்தவை மெல்ல மெல்ல நெட்டையாகி கடைசியில் இன்றைய உருளைக்கு வந்து சேர்ந்தன. கைதேர்ந்தவர் பார்த்தால் ஏறக்குறைய எந்தப் பத்து வருஷம் என்று சொல்லிவிடுவார். இவை 1740, 50-களில் ஐரோப்பாவில் செய்தவை. அதற்கு முன்னால் புதைத்திருக்க வழியில்லை, மேலே 1770-களின் செங்கல் தரை சிதையாமல் இருந்ததால் அதற்குப் பின்னாலும் வழியில்லை. கீழே ஒரு பூட்டு, மேலே ஒரு பூட்டு, நடுவில் இருபது முப்பது வருஷம். தரையைக் கவனிக்காமல் பெயர்த்துப் போட்டிருந்தால் மேல் பூட்டு போயிருக்கும், மிஞ்சுவது பழைய கண்ணாடி.

பழம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டும்போது பக்கத்தில் யாரையும் அண்டவிட மாட்டார், ஈரக் கை பட்டால் தொலைந்தது. நம்முடையதில் உப்பும் காரமும் எண்ணெயும் காவல் நிற்கும், பினாங்கு ஜாதிக்காய் ஊறலுக்குச் சர்க்கரை காவல். அங்கே அப்போதிருந்த முறையில் அதெல்லாம் இல்லாமலும் செய்வார்கள். பழத்தை ஈரமில்லாத பாட்டிலில் நிரப்பி, தக்கையால் இறுக்கி அடைத்து, குளிர்ந்த மண்ணில் புதைத்துவிடுவது. காற்று கிடையாது, வெளிச்சம் கிடையாது, வெயில் கிடையாது. குளிர்பெட்டி வருவதற்கு முன் நிலவறைதான் குளிர்பெட்டி. தோண்டி எடுத்ததும் உள்ளே இருந்தவற்றை நிஜக் குளிர்பெட்டிக்கே மாற்றினார்கள், ஏனென்றால் இத்தனை வருஷம் காப்பாற்றிய மண்ணை விட்டு வந்த நிமிஷமே கெட ஆரம்பிக்கும். அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவோடு சேர்ந்து மரபணுச் சோதனைக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

புதைத்தவர்கள் ஏன் திரும்ப எடுக்கவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன். 1774-ல் வீட்டு வேலை ஆரம்பம், 1775-ல் வாஷிங்டன் சுதந்திரப் போருக்குப் போகிறார், முடிந்து வீடு திரும்ப 1783 ஆகிறது. எஜமான் இல்லாத வீடு, பாதி கட்டுமானம், எங்கு பார்த்தாலும் சுண்ணாம்பும் மரத்தூளும். அந்தக் களேபரத்தில் யாரோ ஒரு மேஸ்திரி நிலவறையில் செங்கல்லைப் பரப்பிவிட்டிருக்கலாம். கீழே என்ன இருக்கிறது என்று சமையல்காரரிடம் கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது. எங்கள் தொழிலில் இது வாரம் ஒருமுறை நடக்கும்.

சமையல்காரர் என்றேனே, அவருக்குப் பெயர் இருக்கிறது. டால். 1759-ல் வாஷிங்டன் மார்த்தாவைக் கல்யாணம் செய்தபோது, மார்த்தாவின் முதல் கணவர் சொத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்த அடிமைகளில் ஒருவர், சமையலறை அவர் பொறுப்பில் இருந்தது. பழத்தைப் பறித்ததும் பாட்டிலில் அடைத்ததும் குழி வெட்டியதும் அவரும் அவரைப் போன்றவர்களும்தான் என்று தோண்டியவர்களே சொல்கிறார்கள். 1799 கணக்கில் அந்தப் பண்ணையில் 317 அடிமைகள். காகிதத்தில் டால் என்பவர் சொத்துப் பட்டியலில் ஒரு வரி. தக்கை எவ்வளவு இறுக்கினால் காற்று போகாது, நிலவறையின் எந்த மூலை குளிர்ச்சி, பழம் எந்தப் பதத்தில் இருந்தால் அழுகாது என்பதெல்லாம் யாருடைய கைக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது, குழி சொல்கிறது. எங்கள் பாட்டி பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் ஒரு துரை பங்களாவின் குசினியில், அதாவது சமையல்கட்டில் இருந்தவர். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், அவர் பெயர் எழுத்துப் பிழையோடு ஒரு வரி. அடிமையும் கூலியும் ஒன்றல்ல, அதைக் கலக்க நான் தயாரில்லை, ஆனாலும் டாலைப் பற்றிப் படித்தபோது அந்தச் செக்ரோல் வரிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இப்போது ஊருக்கு வருகிறேன். பினாங்கில் இதற்கு நேர் பொருத்தமான வீடு ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் இருக்கிற சஃபோல்க் ஹவுஸ். 1786-ல் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் மிளகுத் தோட்டம் போட்ட இடம் அது, இங்கிலாந்தில் தன் சொந்த மாவட்டத்தின் பெயரை அதற்கு வைத்தார். அவர் 1794-ல் இறந்துவிட்டார், அவர் குடியிருந்தது மரமும் அத்தாப்புமாக, அதாவது ஓலைக் கூரையோடு ஒரு வீடு. இன்று நாம் பார்க்கிற தூண் வைத்த செங்கல் மாளிகை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அதிகாரி வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் காலத்தில் எழுந்தது. பிறகு கவர்னர்கள் புழங்கினார்கள், 1920-களின் கடைசியில் மெதடிஸ்டுகள் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள், பள்ளி கேண்டீன், பல் மருத்துவ அறை என்று பல அவதாரம் எடுத்து, 1970-களில் ஆபத்தான கட்டடம் என்று கைவிடப்பட்டு, கூரை இடிந்து, செடி முளைத்து, 2007-ல்தான் மறுபடி உருவம் பெற்றது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதும் கிடைத்தது.

நான் அங்கே போகும்போதெல்லாம் மேலே பார்ப்பதை விட்டுவிட்டுப் புல்லைத்தான் பார்ப்பேன். அத்தாப்பு வீடு என்றால் என்ன மிஞ்சும்? நம்ம மழைக்கும் கரையானுக்கும் மரம் நிற்காது. ஆனால் கம்பம் நட்ட குழி நிற்கும், மரம் மக்கிய இடத்தில் மண் கறுத்து வட்டமாகப் படிந்திருக்கும், அந்த வட்டங்களைக் கோடிட்டுச் சேர்த்தால் வீட்டின் உருவம் வந்துவிடும். கீழடியில் கூரை தாங்கிய மரக்கம்பங்களின் குழிகளைத் தரையில் வரிசையாகக் காட்டிய படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. எலும்பு மட்டும் சந்தேகம், நம்ம செம்மண் புளிப்பு மண், எலும்பைத் தின்றுவிடும். எதிர்க்கரையில் குவார் கெப்பாவில் 2017-ல் 5,000 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது என்றால், அது கிடந்தது சிப்பிக் குவியலில், சிப்பிச் சுண்ணாம்புதான் அதைக் காப்பாற்றியது. கண்ணாடியும் பீங்கானும் சட்டி ஓடும் எந்த மண்ணிலும் இருக்கும்.

அந்த ஓடுகளில் நம்ம ஆட்களும் இருப்பார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வருஷத்துக்கு 1,300 முதல் 2,000 பேர்வரை கப்பலில் வந்து போவதாக லைட்டே 1794-ல் எழுதி வைத்திருக்கிறார். 1790 தொட்டு இந்தியாவிலிருந்து கைதிகளையும் இங்கே இறக்கி, ரோடு போடவும் கட்டடம் எழுப்பவும் வைத்தார்கள். செங்கல் சுமந்தது யார், சுண்ணாம்பு அரைத்தது யார் என்று வீட்டின் முன்னால் இருக்கிற பலகை சொல்ல மாட்டேன் என்கிறது. சமையல்கட்டின் பின்புறத்தில் ஒரு குப்பைக் குழி கிடைத்தால், அதில் துரையின் நீலவெள்ளைத் தட்டும் நம்ம ஆள் கஞ்சி காய்ச்சிய சட்டியும் ஒரே மண்ணில் கிடக்கும். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொலைத்த கோலிக்குண்டும் கிடந்தால் வியப்பில்லை.

ஜார்ஜ்டவுனிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. சியா போய் பழைய மார்க்கெட் இடத்தில் 2015-ல் பிராங்கின் கால்வாயின் படகுத்துறைச் சுவர்கள் வெளியே வந்தன. அங்கே ரயில் நிலையம் வருவதாகப் பேச்சு இருந்தது. தோண்டியவர்கள் சொன்னதைக் கேட்டு நிலையத்தை விட்டுவிட்டு, 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று சாயங்காலம் அங்கே போனால் கல் சுவருக்கு நடுவில் மீன் நீந்துகிறது.

நடக்கவேண்டிய விதத்தில் நடந்தவை இவை. என் கதை வேறு.

2011. ஆயர் ஈத்தாம் பக்கமே இன்னொரு பழைய பங்களா, பெயர் வேண்டாம். நான் சைட்டில் சூப்பர்வைசர். பின்கட்டு குசினியில் தரை தாழ்ந்துவிட்டது, பெயர்த்துவிட்டுப் புதுசாகக் கான்கிரீட் ஊற்றவேண்டும், ஐந்து நாள் வேலை. மேலே சிவப்பு சிமெண்டுத் தரை, வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பிரேக்கர் மெஷின் அதை ஒரு மணி நேரத்தில் துண்டாக்கியது. அடியில் மணல், அதற்கு அடியில் சுட்ட மண் ஓடு பரப்பிய இன்னொரு தரை, அதையும் நெம்பினோம். மூலையில் மண் திடீரென்று கறுப்பாக, சாம்பலும் கரியுமாக வந்தது. அதில் பாட்டில். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். கழுத்தில் பள்ளம் விழுந்த கோலி சோடா பாட்டில்கள், சில கறுப்புக் கண்ணாடி, சேவல் போட்ட கிண்ணத்தின் பாதி, கைப்பிடி உடைந்த ஒரு சட்டியின் அடிப்பாகம், அதன் வெளிப்பக்கம் முழுக்கப் புகை.

நான் குனிந்து அந்தச் சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேஸ்திரி, வயசில் பெரியவர், பின்னாலிருந்து சொன்னார்:

"தம்பி, இது மியூசியம் இல்ல, குசினி. மண்ண அள்ளு."

"அண்ணே, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்."

"எடு. லோரி வந்துருச்சு."

எடுத்தேன், ஒரே ஒரு படம், அதுவும் கை ஆடிவிட்டது. பாட்டில்களைப் பையன்கள் இரண்டு பக்கெட்டில் அள்ளிக் குழாயடியில் கழுவினார்கள். சட்டி ஓடு மண்ணோடு லோரியில் போனது. பாட்டில்களை மறுவாரம் யாரோ வந்து மொத்தமாக வாங்கிப் போனதாகச் சொன்னார்கள், பையன்களுக்கு அன்று டீச் செலவுக்கு ஆனது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், தரையைப் பெயர்க்கச் சொல்லி ஆள் நிறுத்தியது நான்தான்.

என்ன போனது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கறுப்பு மண் இருந்தது மண் ஓட்டுத் தரைக்கு அடியிலா, அதைக் குத்திக்கொண்டு மேலேயா? அடியில் என்றால் அது பங்களாவின் முதல் குசினிக் குப்பை, மேலே என்றால் பின்னால் யாரோ குழி வெட்டிப் போட்டது, நடுவில் இரண்டு தலைமுறை வித்தியாசம் இருந்திருக்கலாம். மவுண்ட் வெர்னனில் செங்கல்லை எடுக்கும் முன் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி முடித்துவிட்டார்கள். எங்களிடம் பதில் ஒரு மணி நேரம் காலடியில் கிடந்தது, பிரேக்கரை நிறுத்திக் கேட்க ஆள் இல்லை.

தேசிய மரபுடைமைச் சட்டம் என்று 2005-லேயே ஒன்று இருக்கிறது. மரபுப் பெறுமானம் உள்ளது என்று தோன்றுகிற பொருள் கண்ணில் பட்டால் மரபு ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்கவேண்டும். எனக்கு அது அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்றால், மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், சந்தேகம்தான். சைட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், 'சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள்'.

இப்போது என் வழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய வீடு என்றால் கொட்டேஷனில் 'தரை பார்த்தல், 2 நாள்' என்று ஒரு வரி போடுகிறேன். பெரும்பாலான முதலாளிகள் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். அடித்தாலும் பரவாயில்லை என்று, பிரேக்கர் ஓடுவதற்கு முன்னால் ஓரமாக ஒரு சதுரம் மட்டும் கையால் பெயர்த்து, வெட்டுமுகத்தில் அளவுக் கோலைச் சாத்தி, எத்தனை தரை, எந்தத் தரைக்கு அடியில் என்ன மண் என்று படமெடுத்து நோட்டில் எழுதி வைக்கிறேன். அரை மணி நேரம் பிடிக்கும். புதிய பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தேன். தரையில் பாய் விரித்து ஒருவர் பழைய கைக்கடிகாரம், சாவி, சோடா பாட்டில் எல்லாம் பரப்பியிருந்தார். கோலி பாட்டில் ஒன்றை எடுத்தேன்.

"எவ்ளோண்ணே?"

"நாப்பது வெள்ளி. பழசு, ஒரிஜினல்."

"எங்க கெடச்சது?"

"பழைய வூட்ல."

"எந்த வூடு?"

"பழைய வூடுதான் லா."

திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்துப் பள்ளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன், சிவப்பு சிமெண்டு. பினாங்கில் சிவப்பு சிமெண்டுத் தரை இல்லாத பழைய வீடு எது?